உப்புப் போட்ட ஆடிக்கூழ்

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சண்டை நடந்து, எங்கள் பக்கத்துக்குச் சாமான்கள் வராமல் தடை இருந்த காலம். சண்டிலிப்பாயில் நாங்கள் புகையிலையும் வெங்காயமும் செய்துகொண்டிருந்தோம். தோட்டத்தில் மண்வெட்டி பட்டு என் வீட்டுக்காரரின் கால்விரலில் ஒரு சின்னக் காயம் வந்தது. மாதக்கணக்காக அது ஆறவில்லை. சொந்தக்காரரின் சைக்கிள் கரியர்களில் ஆளுக்கொன்றாகக் குந்திக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சலரோகம் என்று சொன்னார்கள். சீனி வருத்தம்.

"மருந்து எப்ப வரும் எண்டு எனக்கே தெரியாதம்மா. வாயைக் கட்டினால் கால் மிஞ்சும்" என்றார் டொக்டர். களைத்துப்போன மனிதர். எங்களைப்போல் எத்தனை பேருக்கு அன்று அதையே சொன்னாரோ.

என் வீட்டுக்காரருக்கு உயிர் ஆடிக்கூழ். மற்றவர்களுக்கு அது ஆடிப்பிறப்புக்கு மட்டும். இவருக்கு மழை தூறினால் கூழ், மாடு கன்று போட்டால் கூழ், என்னோடு வந்த கோபம் தணியவும் கூழ். பச்சையரிசி மா, வறுத்த பயறு, கெட்டித் தேங்காய்ப்பால், பனங்கட்டி, கடிபடத் தேங்காய்ச் சொட்டு. டொக்டர் விலக்கச் சொன்னதையெல்லாம் விலக்கிப் பார்த்தேன். பானையும் அகப்பையும்தான் மிஞ்சின.

சரி என்று, அரிசி மாவுக்குப் பதில் குரக்கன் என்கிற கேழ்வரகு மா போட்டேன். பயற்றைக் கூட்டினேன். தண்ணிப்பால் விட்டு, பனங்கட்டிக்குப் பதில் உப்பும் சீரகமும் கொஞ்சம் மிளகும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சுவர் மெழுக வைச்சதை மாறித் தந்திட்டீரோ?"

"சுவருக்கு ஆரும் பயறு வறுத்துப் போடுவினமோ? குடியுங்கோ."

எங்களோடு இருந்த பேரப்பிள்ளைகளுக்கு இனிப்புப் பானை, இவருக்கு உப்புப் பானை. விறகு தட்டுப்பாடு. கூழைத் துழாவாமல் விட்டால் கட்டிபட்டுவிடும். இரண்டு பானையையும் துழாவித் துழாவி எனக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருக்கும். இனிப்புப் பானையின் வாசம் வந்தால் மனுசன் எழும்பி, நொண்டி நொண்டி வெளியே போய்விடுவார்.

இவ்வளவு பாடுபட்டும் சீனி இறங்கவில்லை, புண்ணும் ஆறவில்லை. அடுத்த முறை டொக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் விரலோடு நிற்காது என்றார். காலில்லாமல் தோட்டம் எப்படி? தோட்டமில்லாமல் நாங்கள் எப்படி?

பிறகுதான் விசாரித்தேன். வேலிகளுக்கு நடுவே போகும் எங்கள் ஒழுங்கையில் இவர் நொண்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டு இருத்தி, பாவம் என்று ஒரு பணியாரம், ஒரு கிண்ணம் பாயசம். பக்கத்து வீட்டு இளம் தாய், நான் பிள்ளை என்று கூப்பிடுகிறவள், வேலியில் இருந்த பொட்டு வழியாகவே நீட்டியிருக்கிறாள். அவளிடம் கேட்டேன்.

"ஒரு வாய்தானே அக்கா. அண்ணை ஆசையாக் கேக்கேக்கை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"உந்த ஒரு வாய் ஒழுங்கை முழுக்க இருக்குப் பிள்ளை."

வீடு வீடாகப் போய் வருத்தத்தைச் சொன்னேன். எல்லாரும் ஓம், ஓம் என்றார்கள். பிறகும் கொடுத்தார்கள். வருத்தத்துக்கு எங்கள் சனம் பயப்படாது. எதற்குப் பயப்படும் என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை வைரவர் கோயிலில், பெண்கள் எல்லாரும் நிற்கும்போது, அவர்களுக்குக் கேட்கும்படி கும்பிட்டேன். கால் ஆறும்வரை என் வீட்டுக்காரர் இனிப்பை வாயில் வைக்கமாட்டார், இது நேர்த்திக்கடன் என்று. வைரவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கிடையில் ஒழுங்கை முழுக்கச் செய்தி போய்விட்டது. மனுசன் நொண்டி நொண்டியே வேகமாக வந்தார்.

"நான் வைக்காத நேர்த்தியை எனக்கு ஆர் வைச்சது?"

"நான்தான்."

"என்னைக் கேட்டனீரோ?"

"உங்களைக் கட்டிவைக்கேக்கை என்னை ஆரும் கேட்டவையோ? வேண்டாமெண்டால் வைரவரிட்டைப் போய் நீங்களே சொல்லுங்கோ."

போகவில்லை. வைரவர் என்றால் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பயம்.

அதன்பிறகு ஒருவரும் அவருக்கு இனிப்புக் கொடுக்கவில்லை. ஆனால் ஒருவரும் உள்ளே வந்து இருங்கோ என்று கூப்பிடவும் இல்லை. வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருத்திவைக்க அவர்களுக்குக் கூச்சம். மனுசன் எங்கள் வாசல் படலையடியில் போய் நிற்பார். ஆட்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். என்னோடு கொழுவிச் சண்டை பிடிப்பதைக்கூட விட்டுவிட்டார். வைத்த கூழைப் பாதியில் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவார். நான் பகிடி விட்டாலும் சுவரைத்தான் பார்ப்பார். காலைக் காப்பாற்றப் போய் ஆளையே விட்டுவிடுவேனோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

ஆடிப்பிறப்பு வந்தது. எனக்கு இரண்டு பானை வைக்க உடம்பில் சத்தில்லை. இந்தமுறை ஒன்றுமே வேண்டாம் என்று அடுப்படியில் சும்மா குந்தியிருந்தேன். வேலிப் பொட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலை தெரிந்தது.

"அக்கா, அண்ணையையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ."

"பிள்ளை, நேர்த்தியெல்லோ."

"எனக்குத் தெரியாதே? வாங்கோவன்."

போனோம். முற்றத்தில் ஒரேயொரு பானை. குரக்கன் கூழ், உப்புப் போட்டது. அவளுடைய பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டைக் கைக்குள் பொத்திவைத்துக்கொண்டு, வெறும் தேத்தண்ணிக்குக் கடிப்பதுபோல் கடித்துக் கடித்துக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பானை வைக்க என்னட்டை விறகுமில்லை, மாவுமில்லை அக்கா. அண்ணை குடிக்கிறதையே எல்லாரும் குடிப்பம் எண்டு வைச்சன். இனிப்பு வேணுமெண்ட ஆக்கள் கடிக்கட்டும்."

பலாவிலையைக் கோலி, கூழை வார்த்து அவர் கையில் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து குடித்தார். உண்மையைச் சொல்லவேண்டும், அந்தக் கூழ் கட்டி கட்டியாக இருந்தது, உப்பும் கூட. என்னுடையதைச் சுவருக்குப் பூசச் சொன்ன மனுசன் அதைத் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்துவிட்டு, "பிள்ளை, உங்கடை அக்காவுக்கும் உந்தக் கைப்பக்குவத்தை ஒருக்காச் சொல்லிக்குடும்" என்றார்.

அகப்பை பக்கத்தில் இருந்திருந்தால் எறிந்திருப்பேன். ஆனால் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பிள்ளைகளுக்குப் பின்னால் போயிருந்து, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் ஒரு பானைதான். பேரப்பிள்ளைகள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு பனங்கட்டிக்குச் சண்டை பிடித்துக்கொண்டு குடித்தார்கள். மற்ற வீடுகளும் மெல்ல மெல்ல அவரைக் கூப்பிட்டு இருத்தி, ஒரு அவித்த கிழங்கோ மோரோ கொடுக்கப் பழகின. மாரிமழை முடியும்போது புண் காய்ந்தது. விரல்கள் எல்லாம் மிஞ்சின. நேர்த்தி முடிந்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு இப்போது வயது போய்விட்டது, அடுப்படியில் நிற்கவும் கால் உளைகிறது. ஆனாலும் வீட்டில் யாருக்கு எது ஆகாது என்று டொக்டர் சொன்னாலும், அந்த ஆளுக்கென்று தனிப்பானை வைக்க எனக்கு இன்னும் கை வருவதில்லை.