தொடாதே என்று கிளைவ் சொன்ன சுவிட்ச்

தென்கோளத்து லான்செஸ்டனில் ஜூலைதான் கடுங்குளிர். நொலீன் வீட்டுக்குள் பேசினாலே வாயிலிருந்து புகை வரும். புருஷன் கிளைவ் இருந்த காலத்திலும் ஹீட்டர் அந்த வீட்டில் விருந்தாளிதான். "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ, நொல். கரண்ட் என்ன மரத்துலயா காய்க்குது?" என்பான். அவன் செத்த பிறகு அவனுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரையே மாட்டிக்கொண்டு குளிரைத் தள்ளினாள்.

ஆள் ஒன்று குறைந்தும் பில் குறையவில்லை. "அடுத்த பில்லும் இப்படியே வந்தா வீட்ட வித்துட்டு என்கூட வந்துரும்மா," என்றாள் ஹோபார்ட்டில் இருக்கும் மகள். வீட்டை விற்க நொலீனுக்கு மனமில்லை. பல்புகளையெல்லாம் எல்இடியாக மாற்றினாள். சன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினாள், வெந்நீர்க் குழாய்க்கு உறை போட்டாள். முன்கதவின் அடியில் காற்றை மறிக்க மணல் அடைத்த துணிப்பாம்பு தைத்து வைத்தாள். பின்கதவுக்கு இன்னும் தைக்கவில்லை. அப்புறமும் பில் சும்மா பேருக்குத்தான் இறங்கியது. ஃபிரிட்ஜ், வெந்நீர், அடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் கிளைவின் தம்பி ட்ரெவர் இருந்தான். சனிக்கிழமை தோறும் தானே காய்ச்சிய பீர் இரண்டு பாட்டில் கொண்டு வந்து தருவான். "என் ஷெட்டுல வந்து உக்காரு, நொல். கதகதப்பு இல்லன்னா பீரு பொங்காது. அது உன் வீட்டவிடச் சொகமா இருக்கும்," என்று சிரிப்பான். அவளும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாள், பாவம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மீட்டர் பெட்டியைத் திறந்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். வீடு முழுக்க அடங்கியும் மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. மிச்சம் ஒரே ஒரு சுவிட்ச். "அது பம்புக்கு. தொட்டா குழாய் உறைஞ்சு வெடிச்சிரும்," என்று கிளைவ் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை.

தொட்டாள். எண் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ட்ரெவர் கத்தினான். "எவன்டா கரண்ட்ட நிறுத்துனது? ஐயோ, என் பீரு!"

ஓடி வந்தவன் அவள் கை இருந்த இடத்தைப் பார்த்து முகம் வெளுத்தான்.

"உனக்குத் தெரியாதா, நொல்? கிளைவ்தான் ஒயர் இழுத்துக் குடுத்தான். எங்கம்மாவோட இந்த வீட்ட அவன் வச்சுக்கிட்டதுக்குப் பதிலா எனக்குக் கரண்ட்டுன்னு பேச்சு. உன்கிட்ட சொல்லிட்டேன்னான்."

"அவன் போனப்புறம் நீ சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கல."

ட்ரெவர் மேல் வந்த கோபம் அவன் தலை குனிந்ததும் பாதி ஆறிப்போனது. கிளைவ் மேல் வந்ததுதான் ஆறவில்லை. குளியலறை விளக்கை அணைக்க மறந்ததற்கு எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்! அவள் பல் கிட்டித்து நடுங்கிய குளிர்காலமெல்லாம் அவன் தம்பியின் பீர் கதகதப்பாக இருந்திருக்கிறது. அவனுக்கு அது தெரிந்தும் இருந்திருக்கிறது.

மற்ற சுவிட்சுகளைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஸ்வெட்டரைக் கழற்றி, சுருட்டி, பின்கதவின் அடியில் காலால் மிதித்துச் செருகினாள். காற்று நின்றது. ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துவிட்டு அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.