கயிறு படாத தலை

"என்னத்தப் படிச்சு என்னா செய்யப்போகுது இந்தப் புள்ள? கடைசியில அந்தத் தலையிலயும் கூடைக் கயிறு விழத்தானே போகுது." ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்து எங்கள் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் இப்படிச் சொன்னார். நான் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன், உயர்தரம் படிக்கப் பதுளைக்குப் போகப்போகிறேன் என்று அம்மா அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தார். அம்மா கூடையை வாங்கி, அதன் கயிற்றை உச்சியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். என் தலையில் இன்றுவரை கயிறு விழவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக உயர்தரம் படித்தவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

கலியாணமாகி டொரண்டோ வந்து இது நான்காவது குளிர்காலம். இங்கே முடியைக் கெடுப்பது குளிர் அல்ல, வீட்டுக்குள் ஓயாமல் ஓடும் ஹீட்டர். சீப்பை எடுத்தால் முடி சடசடவென்று சத்தம் போட்டு, சீப்போடு சேர்ந்து எழுந்து நிற்கும். முதல் தடவை பயந்தே போனேன். பனிமூட்டத்துக்குள் வளர்ந்த முடி இது. துவாயால் எவ்வளவு துடைத்தாலும் பாதி நாள் ஈரமாகவே கிடந்த முடி. எங்கள் மாடியிலேயே வசிக்கும் டொரீன் என்ற ஜமேக்கா அம்மா, லிஃப்டில் என் தலையைப் பார்த்துவிட்டு, உன் முடி தண்ணீருக்குத் தவிக்கிறது என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே தன் ஹெயார் ஸ்டீமரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கவிழ்த்த குண்டான் போல ஒரு மூடி, பின்னால் சிறிய தண்ணீர்த் தொட்டி. தலையைக் கழுவி, கண்டிஷனரை நுனிவரை தடவி, மூடிக்குள் இருபது நிமிடம் உட்கார வேண்டும். நீராவி தலையெல்லாம் இறங்கும். விளிம்பிலிருந்து சொட்டுகள் கழுத்தில் விழும். எங்கள் ஊர் தேயிலை ஆலையில் கொழுந்தின் ஈரத்தை எடுப்பதற்கென்றே ஒரு மாடி முழுக்கக் காற்று வீசிக்கொண்டிருக்கும். இங்கே போன ஈரத்தைத் திரும்பக் கொடுக்க ஒரு மெசின். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் ஒன்று வாங்கினேன். ஞாயிறுதோறும் டொரீன் வருவார், ஒருவர் மாறி ஒருவர் உட்காருவோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, நான் மூடிக்குள் இருந்தபோது, அவர் சுவரிலிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் நெற்றிக்கு மேலே, உச்சிக்குக் குறுக்காக, இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லை. தோல் மினுமினுவென்று இருக்கும். டொரீன் அந்த இடத்தைக் காட்டி, "டென்ஷனா?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு இப்போது எந்தக் கவலையும் கிடையாது, தம்பி நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தன் காதோர முடியைப் பிடித்து இழுத்துக் காட்டினார். இழுபட்டு இழுபட்டு உதிர்ந்ததா என்பதுதான் கேள்வி. சின்ன வயதில் இறுக்கிப் பின்னினார்களோ என்றும் அவரே கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவர் கட்டிலில் உட்கார்ந்து, தன் மகளுக்கும் அப்படித்தான் இறுக்கிப் பின்னினேன், அவள் அழ அழப் பின்னினேன், இன்றைக்கும் அவள் தொப்பி போடாமல் வெளியே போகமாட்டாள் என்று சொன்னார். என் பொய்க்குப் பதிலாக அவர் தன் உண்மையைக் கொடுத்தார். நீராவிக்குள் என் முகம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அது என் முதல் பொய்யாக இருந்தாலாவது பரவாயில்லை. பதுளையில் உயர்தரம் படித்தபோது ஒரு பரிசளிப்பு விழாவுக்கு அம்மா வந்திருந்தார். தலையில் முந்தானையைப் போட்டிருந்தார். மண்டபத்துக்குள் அது நழுவிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியை ஒருவர், மிகவும் அன்பானவர், என்னைத் தனியே கூப்பிட்டு, "உம்மட அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்ததோ? தலைமயிர் கொட்டியிருக்கு" என்று கேட்டார். நெருப்புக் காய்ச்சல் என்ற சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். டைபாயிட்டை அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் என்ன நோய் என்று தெரியாமலே, "ஆமா டீச்சர்" என்றேன். கூடைக் கயிறு என்று சொல்ல நாக்கு வரவில்லை. திரும்பினால் அம்மா பின்னால் நிற்கிறார்.

பஸ் நிலையம் வரைக்கும் நான் நான்கு அடி முன்னால் நடந்தேன். அம்மா கோபிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "காச்சல்னு சொன்னது நல்லதாப் போச்சு. இனி டவுன்ல யாரும் கேட்டா நானும் அப்புடியே சொல்லிக்கிறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். துணிக்கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், என் தோழிகளின் தாய்மாரிடம், தனக்கு வராத காய்ச்சலைப் பற்றி அம்மா சொல்வதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். லீவு நாட்களில் மற்றப் பிள்ளைகள் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போவார்கள். அம்மா என்னை விடமாட்டார். விறகுக்கட்டைக்கூட என் தலையில் ஏற்றமாட்டார். நான் இன்று நீராவி காட்டி வளர்க்கும் இந்த முடி முழுவதும் அப்படி மிச்சமானது.

அம்மாவை ஒரு கோடைக்கு இங்கே அழைக்க ஏற்பாடு செய்கிறேன் என்றதும் டொரீனுக்குச் சந்தோஷம். வந்த முதல் ஞாயிறே தன் கையால் ஸ்டீமர் பிடித்து எண்ணெய் போடுவாராம். அவர் அம்மாவிடமே கேட்டால் என் பொய் வெளிப்பட்டுவிடும். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை இரண்டு வாரம் எழுதாமல் தள்ளிப்போட்டேன். அதற்குள் அம்மா பதுளையில் ஒரு கடையில் இருந்து போன் எடுத்தார். விசா விண்ணப்பத்தை அங்கே ஒருவர் நிரப்பிக்கொண்டிருந்தார். முன்னால் வந்த பெரிய நோய்கள் என்று ஒரு கேள்வியாம்.

"ஏம் புள்ள, அந்த நெருப்புக் காச்சல எழுதச் சொல்லட்டா?"

"ஒங்களுக்கு அந்தக் காச்சல் வரலையேம்மா."

"வரலைன்னு எனக்குத் தெரியாதா? நீ அங்க என்னா சொல்லி வச்சிருக்கியோன்னுதான் கேக்குறேன். நான் ஒன்னு சொல்லி நீ ஒன்னு சொன்னா ஒனக்குத்தானே அசிங்கம்."

வேண்டாம், எந்த நோயும் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள் என்றேன். தொழில் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். அதை நான் சொல்லட்டும் என்று அம்மா வெறுமையாக விட்டுவைத்திருந்தார்.

மறுநாளே டொரீனின் கதவைத் தட்டினேன். என் கைப்பையின் வாரை உச்சியில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டுக் காட்டினேன். கொழுந்துக் கூடையை அம்மா இப்படித்தான் சுமந்தார், இருபது கிலோ வரை, மழையிலும் வெயிலிலும், முப்பது வருடம் என்றேன். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று மட்டும் அவர் கேட்டார்.

அதன் பிறகு அழைப்புக் கடிதத்தை உறுதிப்படுத்தும் அலுவலகத்துக்குப் போனேன். வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் விவரங்களைத் தட்டச்சு செய்தான். தாயின் தொழில் என்றான். "டீ..." என்று தொடங்கினேன். "டீச்சர்?" என்று அவனே முடித்து, தட்டவும் ஆரம்பித்தான். எவ்வளவு சுலபம் பாருங்கள். நான் ஒன்றுமே சொல்லத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். இல்லை என்றேன். டீ ப்ளக்கர் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். முப்பது வருடம் என்பதையும் சேர்த்துக்கொள் என்றேன்.

கடிதத்தை அம்மாவுக்கு நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன். உறையில் இரண்டு முகவரிகள் எழுதினேன். மூலையில் இந்தக் கட்டடத்தின் மாடியும் கதவிலக்கமும். நடுவில் ஸ்பிரிங்வெளி, அம்மா இருக்கும் லயத்து வீட்டின் இலக்கம், பதுளை. தபால் கவுண்டரிலிருந்த பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் உன் வீடு எது என்று கேட்டாள். நான் இரண்டிலும் விரலை வைத்தேன்.