மாமாவின் கழுத்தில் வந்த சாமி

சொன்னால் வெட்கக்கேடு. ஐந்தாம் வகுப்பில் தேறுவேனா என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு நோயாளியை மயக்கம் போட்டு விழவைத்தவன் நான். படிப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருடம். காஜா பேராங் ஊரில் எங்களோடு இருந்த தாய்மாமாவுக்கு இடது தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. கோயில் திருவிழாவில் அவருக்கு மாலை மரியாதை செய்தார்கள். கனத்த மாலை கழுத்தில் அழுந்தியதுதான் தாமதம், வெளிறிப்போய்ச் சரிந்தார். சாமி வந்துவிட்டது என்றார்கள். சாமி வந்தவர் ஆட வேண்டாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து குறி கேட்க வந்தவர்கள் மாலையோடு வந்தார்கள். பெரியப்பா லாட்டரிக்கு நம்பர் கேட்டார். கண் விழித்த மாமா, "தண்ணி" என்றார். தண்ணீருக்கு எந்த நம்பர் என்று பெரியப்பா வெகுநாள் யோசித்தார்.

பரீட்சை நெருங்கியது. வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவின் கழுத்தில், சாமி படத்து மாலையைப் பின்னாலிருந்து போட்டேன். கனம் போதாதென்று இழுத்தும் பிடித்தேன். விழுந்தார். மண்டை படியில் மோதியது.

"பாஸாவேனா சாமி?" என்றேன். ரத்தம்தான் வந்தது.

அம்மா அலறிக்கொண்டு வந்தாள். மூன்று சக்கர மிதிவண்டியான திரிஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கட்டியை லேசாக அமுக்க, மாமா மறுபடி துவண்டார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒட்டிக் கட்டி வளர்ந்திருக்கிறது, அழுத்தம் பட்டால் இதயம் நின்று நின்று துடிக்கிறது, விட்டுவைத்தால் ஒருநாள் எழுந்திருக்கமாட்டார் என்றார்.

"சாமி இல்லியா டாக்டர்?" என்று மாமா கேட்டார்.

"இல்ல. வெட்டி எடுக்கணும்."

மாமா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு சாமி வேணாம்டா தம்பி, நீதான் வேணும்" என்றாள் அம்மா.

மாமா அழுதார். சாமிப் பதவி போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் சவரம் செய்கையில் அந்தக் கட்டியைத் தடவிப் பார்த்தவர் அவர். அது வளர்வது எங்களுக்கெல்லாம் முன்பே அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் சாமியை ஏன் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

வெட்டி எடுத்தார்கள். வாய் சற்றுக் கோணி, குரல் கம்மி, உயிரோடு வீடு திரும்பினார். பார்க்க வந்த பெரியப்பா, தழும்பை விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் காத்திருந்தார். மாமா பாட்டுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எழுந்து செருப்பை மாட்டினார்.

"நல்லா இருந்த மனுசன்லா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கெடுத்துட்டீங்க!"