ராஜ்மா கொதித்த ஞாயிற்றுக்கிழமை

பேருந்துப் பணிமனை கேன்டீனில் அவள்தான் தலைமைச் சமையல்காரி. வீட்டில் மூத்த மருமகள், அதனால் பெரியவள். அவள் கைப்பக்குவத்துக்காகவே லீவு நாளிலும் கேன்டீனுக்கு வந்து சாப்பிட்டுப் போகிற மெக்கானிக்குகள் உண்டு. வீட்டு அடுப்படியிலும் அவள் சொன்னதுதான் சட்டம். பால் கெட்டுவிட்டதா, நேற்றைய கறி இன்றைக்கு ஆகுமா என்று மாமியார் பாத்திரத்தோடு வந்து நிற்பாள். பெரியவள் குனிந்து ஒரு தடவை மோந்து பார்ப்பாள். "ஆகும் அத்தை" என்பாள், இல்லாவிட்டால் "கொட்டிருங்க". அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். அவளுக்கு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அடுப்புப் பற்ற வைக்கவே பயப்பட்டாள். அந்தப் பயத்தைப் பார்த்துப் பெரியவளுக்கு அவள்மேல் பிரியம்கூட வந்தது. உள்ளூர் வானொலிக்காரர்கள் சின்னவளைக் கூப்பிட்டு, வாரா வாரம் சமையலறைச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தார்கள். பிடித்தது வினை.

முதல் அடியே மூக்கில் விழுந்தது. "மோந்து பாத்து நம்பிடாதீங்க. சாப்பாட்ட நாற வைக்கிற கிருமி வேற, நம்மள நோயில படுக்க வைக்கிற கிருமி வேற. அந்த ரெண்டாவது ரகம் இருந்தா வாசனையே தெரியாம போகலாம்" என்று சின்னவள் தேன் ஒழுகச் சொன்னாள். மறுநாள் காலை மாமியார் பால் பாத்திரத்தோடு பெரியவளைத் தாண்டிக்கொண்டு போய்ச் சின்னவளின் அறைக்கதவைத் தட்டினாள். பெரியவளுக்கு அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தது கோழி. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி சாகாது, தண்ணீரோடு தெறித்து மேடை, தட்டு என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும், உள்ளே வரை நன்றாக வெந்தால்தான் சாகும் என்று சின்னவள் சொல்லிவிட்டாள். கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள் காலையிலேயே ஆரம்பித்தாள்: "அக்கா, இனிமே கோழியக் கழுவாதீங்க. உங்க வீட்டுச் சின்னவங்க சொல்லிட்டாங்க."

பெரியவள் அன்றைக்கு வீம்புக்கென்றே கழுவினாள். மறுநாளிலிருந்து விட்டுவிட்டாள். விட்டது யாருக்கும் தெரியக் கூடாதே! அதற்காகக் குழாயை மட்டும் சும்மா திறந்து ஓட விட்டாள்.

இன்னொன்றும் யாருக்கும் தெரியாது. சின்னவளின் நிகழ்ச்சி ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. ஸ்டோர் ரூமில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால், போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவையாவது உளற மாட்டாளா என்று காத்திருந்தாள். சின்னவள் உளறவேயில்லை. அவள் சொன்னதெல்லாம் பெரியவள் மண்டையில் ஆணியடித்தாற்போல் இறங்கியதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பிள்ளைகளோடு சாப்பிட வருவதாக இருந்தது. "இன்னிக்கு நான் சமைக்கிறேன்" என்று சின்னவள் முதல் நாளே ராஜ்மாப் பயறை ஊறப் போட்டிருந்தாள். குறைந்த சூட்டில் மெல்ல வேக வைக்கிற மின்சாரப் பானை ஒன்று புதிதாக வாங்கியிருந்தாள். காலையில் பரிசோதனைக் கூடத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டதால், வேலையைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். முதலில் அடுப்பில் கொதிக்க விடச் சொல்லியிருந்தாள். கொழுந்தன் அதை மறந்துவிட்டு, ஊறிய தண்ணீரோடு அப்படியே பானையில் கொட்டி ஸ்விட்சைப் போட்டான். அவ்வப்போது போய் நாலைந்து எடுத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் வேகலையே" என்று திரும்பி வந்தான்.

வெள்ளரிக்காய் நறுக்கப் போன பெரியவள் மூடியைத் திறந்து பார்த்தாள். ஆவி வந்தது, ஆனால் ஒரு குமிழி இல்லை. ஒன்றை எடுத்து நசுக்கினாள். நடுவில் கல்லாட்டம் இருந்தது. ராஜ்மாவில் இயற்கையிலேயே ஒரு நஞ்சு உண்டு, தளதளவென்று கொதித்தால்தான் அது முறியும், வெறும் வெதுவெதுப்பில் கிடந்தால் பச்சையைவிட மோசமாகும் என்று சின்னவள் சொன்ன குரல் காதிலேயே கேட்டது.

பெரியவள் மூடியைப் பழையபடி போட்டுவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

நினைக்க நினைக்க இனித்தது. வானொலி மேதாவி வீட்டு விருந்தில் ஆளுக்கொரு பக்கம் வாந்தி! ஊரே சிரிக்கும். அப்போது நாத்தனாரின் கடைக்குட்டி வந்து மடியில் சாய்ந்து, "அத்தை, பசிக்குது. எப்ப போடுவீங்க?" என்றது.

சுருக்கென்றது. எழுந்து போய்ப் பானையைச் சல்லடையில் கவிழ்த்தாள். பழைய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, பெரிய அடுப்பில் வைத்துத் தீயைத் தூக்கினாள்.

மாமியார் பார்த்துவிட்டாள். "அவ ஆசையா வச்சத ஏன்டி கொட்டுற? ஒரு நாள் அவ பேர் வாங்கிட்டா உனக்குப் பொறுக்காதா?"

பெரியவள் கரண்டியை எடுத்து ராஜ்மாவைக் கிளறினாள். சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே.

ராஜ்மா அரைமணிக்கு மேல் கொதித்து முடிகிற நேரத்தில் கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. "என்னத்தடி போட்ட அதுல?" என்று மாமியார் கத்தினாள். நாத்தனார் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் வந்து சேர்ந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், காலிப் பானையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"கொதிக்க விட்டீங்களா?"

"மறந்துட்டேன். வெந்துச்சான்னு கடிச்சுக் கடிச்சுத்தான் பாத்தேன்."

"எத்தன கடிச்சுப் பாத்தீங்க?"

"ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும்."

"அது போதும்." மாமியார் பக்கம் திரும்பினாள். "அக்கா போட்டதால வரல அத்தை. அவங்க கொதிக்க வைக்காம இருந்தா இந்நேரம் பிள்ளைங்களும் சேந்து வாந்தி எடுத்திருப்பாங்க. இவர் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிக்கட்டும், சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும். ஆனா நிக்கலன்னா டாக்டர்கிட்ட போயிடலாம்." பிறகு பெரியவளிடம், "உங்களுக்கு யாருக்கா சொன்னது?" என்றாள்.

"நீதான்."

"நானா? எப்போ?"

"ரேடியோவுல." பெரியவளுக்குக் காது சுட்டது. "எல்லா வாரமும் கேக்குறேன், போதுமா?"

சின்னவள் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்காமல் இருக்கப் பெரியவள் உப்பு ஜாடியைத் தேடினாள். மூடியைப் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த கதையை மட்டும் அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

கொழுந்தன் படுத்துக் கிடக்க, மற்றவர்கள் தட்டோடு உட்கார்ந்தார்கள். மாமியார் ராஜ்மாவைச் சந்தேகமாகப் பார்த்து, "இத இப்ப சாப்பிடலாமாம்மா?" என்று சின்னவளைக் கேட்டாள்.

"அக்காவக் கேளுங்க அத்தை. கொதிக்க வச்சது அவங்கதானே."

மாமியார் திரும்பினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தப் பார்வை பெரியவள்மேல் வந்து நின்றது. அதையும் சின்னவள்தானே எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தபோது பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

"சாப்பிடுங்க" என்று கரண்டியைக் கையில் எடுத்தாள்.

கடைக்குட்டி இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது. "நல்லாத்தான் இருக்கு. யார் சமையல்னு சொல்றது இத?" என்றாள் நாத்தனார்.

"சின்னவ ஊறப் போட்டா" என்றாள் பெரியவள், வேண்டா வெறுப்பாக. கொஞ்சம் பொறுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் கொதிக்க வச்சேன்" என்றாள்.