மூன்றாவது பிளக்

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, கோயில் வாசலில் நாலு பேருக்கு டீசல் எஞ்சினைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. மெக்கானிக் சேவியர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார் என்று அவர் மனைவி ஸ்டெல்லா சொன்னார். நான் ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியதை விவேக் நகர் அன்றுதான் பார்த்தது.

அவர் ஷெட்டில் ரிப்பேருக்கு வண்டி விட்ட உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனாலும் என் அளவு பழகியவர் யாருமில்லை. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் சத்தத்தை வைத்தே எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்வேன். ஒரு மந்திரியின் காரைக் கொட்டும் மழையில் தனியாளாகத் தள்ளி ஸ்டார்ட் செய்தவன். இதைச் சொல்லும்போதெல்லாம் சேவியர், "போன வாட்டி வெயிலு அடிச்சுது குரு" என்பார். என்னைக் குரு என்றுதான் கூப்பிடுவார்.

பொம்மசந்திராவுக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் என் பெட்ரோல் வண்டியில் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஆள் நிறைந்து மேம்பாலம் ஏறும்போது மட்டும் எஞ்சின் மிஸ்ஸிங் அடித்துக் குலுங்கும். ஷெட்டுக்கு வந்தால் சமத்தாக ஓடும். சேவியர் ஸ்கேனரை மாட்டினார். மூன்றாவது சிலிண்டர் என்று காட்டியது. ஸ்பார்க் பிளக் மாற்றினாயா என்று கேட்டார். போன மாதம் நாலையும் என் கையாலேயே மாற்றினேன் என்றேன்.

அந்தப் பேச்சை நம்பி அவர் பிளக்கைத் தொடவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டார். குறை இடம் மாறவில்லை, அதனால் காயில் சரி. இன்ஜெக்டரைக் கழுவினார், ஒயரிங்கைப் பிரித்தார். மூன்று நாள் முதுகு வளைந்தே கிடந்தார். கடைசியில் சந்தேகப்பட்டு மூன்றாவது பிளக்கைக் கழற்றினால், முனை தேய்ந்து கரி பிடித்த பழைய பிளக். நாலில் மற்ற மூன்றைத்தான் நான் மாற்றியிருந்தேன். இந்த ஒன்று இறுகிக் கிடந்தது. உடைந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. பிளக்கை என் உள்ளங்கையில் வைத்துச் சொன்னார்: "எந்த சிலிண்டர்னு மிஷின் சொல்லும் குரு. எப்போலேர்ந்து, இன்னா பண்ணேன்றத நீதான் சொல்லணும்."

அவர் போவதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, ஷெட்டில் டீ குடிக்கையில் நெஞ்சைத் தடவினார். நேற்றிலிருந்து படியேறினால் மட்டும் அடைக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றார். கேஸ்தான் என்றேன். பெரிய டாக்டர் ஒருவருக்கே நான் பெருங்காய மோர் கொடுத்துக் குணமாக்கிய கதையைச் சொன்னேன். அப்படி ஒரு டாக்டரே கிடையாது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு வாட்டி காட்டிரவா?" என்று கேட்டார்.

"காசுக்குப் பிடிச்ச கேடா? சும்மா இரு" என்றேன். என்னை நம்பினார்.

கல்லறையில் ஸ்டெல்லா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எப்போலேர்ந்து வலின்னு உங்ககிட்டயாவது சொன்னாராண்ணா?"

"இல்லம்மா" என்றேன்.

அந்தக் கரிப்பிடித்த பிளக் இன்னும் என் வண்டி டேஷ்போர்டில் இருக்கிறது. அவர் தந்ததென்று நான் வைத்திருப்பது அதுவும், ஆஸ்பத்திரிக்குப் போகவா என்று அவர் கேட்ட கேள்வியும்தான். மந்திரி கார் கதையை நீங்கள் நம்ப வேண்டாம். இதை நம்புங்கள்.

ஸ்டெல்லா, புதன்கிழமையிலிருந்து. என்னிடம் சொன்னார். போக வேண்டாம் என்று தடுத்தவன் நான்.