ஸ்டெப்னிக்கு ஆரத்தி

இங்கே கனடாவில் பனி விழத் தொடங்கியதும் ஜனங்கள் காருக்கு அட்டை கட்டுகிறார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகி, காற்று போகாமல் அடைத்துவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் குளிருமாம். நான் வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு ஹென்ரி இரக்கப்பட்டு என் காருக்கும் ஓர் அட்டை செருகியிருந்தார். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பிடுங்கி எறிந்தேன். மறுநாளும் செருகினார், மறுநாளும் பிடுங்கினேன். கடைசியில் நேரிலேயே வந்து, "எஞ்சின் சூடாக வேண்டாமா?" என்று கேட்டார். "ஐயோ, சூடானால் கல்யாணம் நின்றுவிடும்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவர் மனைவி கேக் கொடுத்தனுப்பினாள். எங்கள் வீட்டில் யாருக்கோ கல்யாணம் என்று புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது.

கல்யாணம் எனக்குத்தான். ஆனால் அது எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதத்தில் நடந்தது. எனக்கு உத்திரமேரூர், பெண் செல்விக்குத் திருப்புலிவனம். அவளை வளர்த்தவர் தாய்மாமன் ஏகாம்பரம். எனக்குக் கனடா விசா வந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. செல்வியின் அம்மாவான அவர் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த மாட்டுவண்டி அச்சு முறிந்து பாதி வழியில் நின்றதாம். பிற்பாடு அந்த மாப்பிள்ளை பம்பாய் போனவர் திரும்பவே இல்லையாம். அதனால் ஊரறியச் சொல்லிவிட்டார்: "கோயிலாண்ட கெளம்பின வண்டி வூட்டு வாசல்லதான் நிக்கணும். நடுவுல நின்னுதுன்னா பொண்ணு கெடையாது." எனக்கோ செல்வியை விட்டால் வேறு யாரும் வேண்டாம். பெண் பார்க்கப் போன அன்று காபியை நீட்டி, "சக்கரை பத்துமா?" என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அப்போதே என் கதை முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த ஜீப், பட்டாளத்தில் கழித்துக்கட்டியது. வயல், வரப்பு, ஏரிக்கரை எல்லாம் ஏறும். களத்துமேட்டில் ஓடி ஓடி ரேடியேட்டர் முழுக்க வைக்கோல் தூசி. அதில் ஓர் ஓட்டை வேறு. டிரைவர் கன்னியப்பன் காலையில்தான் ஒரு கை மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றி அடைத்திருந்தான். போதாததற்குப் பெண்வீட்டு அத்தைமார்கள் ஆள் உயரச் சாமந்தி மாலையை வண்டியின் மூஞ்சியில் போர்த்திவிட்டார்கள். மேளக்காரர்கள் முன்னால் நடக்க, வண்டி ஊர்ந்தது. மேலக்காற்று எங்கள் முதுகில் அடித்தது. பாதித் தெரு தாண்டவில்லை, டெம்பரேச்சர் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பானெட்டிலிருந்து மஞ்சள் ஆவி புஸ்ஸென்று கிளம்பி, தெருவே ரசம் கொதிப்பதுபோல் மணந்தது. முன்னால் வெள்ளை வேட்டியில் போனவர்கள் மஞ்சள் வேட்டியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"நிறுத்தி ஆற வுடணும் மாமா. இல்லாங்காட்டி எஞ்சின் பூடும்" என்றான் கன்னியப்பன்.

"நிறுத்தினா உன் கால ஒடிச்சிருவேன்" என்றார் கூடவே நடந்துவந்த மாமா.

"அப்ப மாலையக் கயட்டுங்க."

"டேய், சாமிக்குச் சாத்துன மாலைடா அது!"

"அப்ப வேகமாப் போவணும். காத்து பட்டா ஆறிக்கும்."

சரி என்று வேகமாகப் போனோம். மேளக்காரர்கள் ஓடினார்கள். ஓடிக்கொண்டே வாசித்த நாதஸ்வரக்காரர், முச்சந்தியில் மூச்சு முட்டி நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "கல்யாணத்துக்கு வந்தமா, ரேசுக்கு வந்தமா? இன்னா பேஜாரு இது!" என்று கத்தினார். அவரை இடிக்கவும் முடியாது, நிற்கவும் கூடாது. கன்னியப்பன் அவரையே சுற்றிச் சுற்றி வந்தான். நான் கையைக் கூப்பியபடி பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: வண்டி மேற்கே திரும்பும்போதெல்லாம் முள் கொஞ்சம் இறங்குகிறது, கிழக்கே திரும்பினால் ஏறுகிறது. எதிர்காற்று மாலையைத் தூக்கிவிட்டு உள்ளே பாய்கிறது! "மாமா, மேக்கப் பாத்தா ஆறுது!" என்று அலறினேன்.

ஆனால் பெண்வீடு கிழக்கே.

மாமா ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "கன்னியப்பா, மூஞ்சி மேக்கவே இருக்கட்டும். ரிவர்ஸ்ல வுடு."

"மாப்ள பின்பக்கமா வரலாமா?" என்று யாரோ இழுத்தார்கள்.

"நிக்கக்கூடாதுன்னுதான் சொன்னேன். எந்தப் பக்கம் போவணும்னு சொன்னனா?"

அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற பெண்களுக்கு முதலில் வந்தது ஜீப்பின் முதுகில் மாட்டியிருந்த ஸ்டெப்னி. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த டயருக்கே ஆரத்தி சுற்றிப் பொட்டும் வைத்துவிட்டார்கள். நான் வந்த தெருவையே பார்த்தபடி இறங்கினேன். ஜன்னலுக்கு உள்ளே செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பது கேட்டது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிக்காம வந்துட்டீங்க மாப்ள. எங்க போனாலும் திரும்பி வந்துருவீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. மஞ்சள் ஆவி பட்டும் இருக்கலாம்.

அடுத்த ஆனிக்கு வருகிறோம், அடுத்த ஆனிக்கு வருகிறோம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. இங்கே வீடு வாங்கியாயிற்று. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மாமாவை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்போதெல்லாம் அட்டையை நானே செருகுகிறேன். ஹென்ரி தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். நேற்றுக் காலையும் செருகிவிட்டுக் காரில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த செல்வி, "மாமாவுக்குக் கடுதாசி போடறப்ப, வண்டி இன்னும் நிக்கலன்னு எழுதுங்க" என்றாள்.

"எந்தப் பக்கம் பாத்துக்கினு போவுதுன்னு எழுதட்டுமா?"

"அது அவருக்கே தெரியும். ரிவர்ஸ் போடச் சொன்னதே அவருதான" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

வாசலிலிருந்து ரோட்டுக்கு வர ரிவர்ஸ் போட்டேன். முன்கண்ணாடிக்கு வெளியே, எங்கள் வீடு எங்களை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது.