சாயங்காலம் இல்லாத ஞாயிறு

எங்கள் உபதேசியார் உலக சிருஷ்டிப்பைச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு எரிச்சலாக வரும். சர்வேசுரன் ஆறு நாளில் முடித்த வேலையை அந்த மனிதர் ஆறு வாரமானாலும் முடிக்க மாட்டார். சாமியார் எங்கள் ஊருக்குப் பூசை வைக்க வருவது எப்போதாவதுதான். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் சொல்வதும் வேத சரித்திரம் சொல்வதும் உபதேசியார்தான். ஊர்ப் பெண்கள் ஆற அமர உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களுக்கென்ன, அவரவர் புருஷன் அவரவர் வீட்டில் இருந்தான்.

என் வீட்டுக்காரர் மலையில் இருந்தார். பெரியாற்றுத் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்புவதற்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சுரங்கத்தில் அவர் பாறை உடைத்தார். சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டதும் குமுளி வழியாக இறங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்வார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட வேண்டும். வெயில் சாய்ந்தால் பாதையில் யானை வந்துவிடும். அதனால் கோயிலில் கழிகிற ஒவ்வொரு நாழிகையும் என் பங்கிலிருந்துதான் போயிற்று.

அந்த ஞாயிறு கதை நாலாம் நாளுக்கு வந்தபோது, முன்வரிசையில் இருந்த, காடுகரை வைத்துப் பாடுபடுகிற சம்சாரி ஒருவர் எழுந்தார்.

"சூரியனையும் சந்திரனையும் நாலாம் நாளுதான் படைச்சாருன்னு சொல்றீக. அப்ப முந்தின மூணு நாளையும் எதை வச்சு நாளுன்னு சொன்னாக?"

"அது நம்ம நாளு மாதிரி இல்லய்யா," என்றார் உபதேசியார். "அவருக்கு ஒரு நாளுங்கிறது ஆயிரம் வருசமாவும் இருக்கலாம்."

"அப்ப ஏழாம் நாளு ஓய்ஞ்சிருந்ததும் ஆயிரம் வருசமா?"

கோயில் முழுக்கப் பேச்சாகிவிட்டது. நாள் என்றால் விடிந்து அடைகிற நாள்தான் என்று பாதிப்பேர். இல்லை, யுகம் என்று மீதிப்பேர். நானோ வாசலில் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையாக இருந்த எங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவர், திடீரென்று பேசினார்.

"மலைக்குள்ள ஏது சூரியன்? விளக்கு வெளிச்சத்துலதான் பாறைய உடைக்கோம். மணி அடிச்சா நாளு தொடங்குது, மணி அடிச்சா முடியுது. வேலை நடந்தா அது நாளுதான்."

உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம். அந்த உற்சாகத்தில் மீதி நாட்களையும் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பிடித்துக்கொண்டேன். "நீங்களும் அவுகளோட சேந்து பேசணுமாக்கும்? இருக்கிறதே அரை நாளு."

அவர் சிரித்தார். "ஏ புள்ள, ஒண்ணு கவனிச்சியா? ஆறு நாளுக்கும் சாயங்காலமாச்சு, விடியக்காலமாச்சுன்னு சொன்னாக. ஏழாம் நாளுக்கு மட்டும் அப்பிடிச் சொல்லல."

"சோறு தின்ன கையோட சர்வேசுரனும் மலைக்குத் திரும்பிப் போயிருப்பாரு," என்றேன்.

தெருவிலேயே நின்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சாப்பிட்டு முடித்துக் கம்பளியைத் தோளில் போட்டபோது மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரோடு இருக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். வெயில் தாழ்வதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வாசலில் வெயிலைப் பார்த்தார். பிறகு, "மேஸ்திரிகிட்டக் கேக்குறேன். அடுத்த வாரம் சாயங்காலத்தப் பாத்துட்டு, திங்கக்கெழம வெள்ளன போறேன்," என்றார். குழந்தையின் காலை ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஒரு நாள்கூட நகரவில்லை. அப்போதுதான் உபதேசியார் கட்சிக்கு நான் மாறினேன். நாள் என்பது யுகம்தான் என்று யார் கேட்டிருந்தாலும் சத்தியம் செய்திருப்பேன். சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர் வரவில்லை. மலைக்காய்ச்சல் வந்து, கீழே தூக்கிவர வழியில்லாமல் போய், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். கம்பளியை மட்டும் என் கையில் கொடுத்தார்கள்.

துக்கம் கேட்க உபதேசியார் வந்தார். நான்தான் கேட்டேன். "ஏழாம் நாளுக்கு மட்டும் சாயங்காலம்னு ஏன் சொல்லல?"

"அது இன்னும் முடியலம்மா," என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு எரிச்சல் வரவில்லை.

பிறகு சுரங்கம் திறந்து தண்ணீர் வந்தது. பள்ளத்தாக்கே திரண்டு போய்ப் பார்த்தது. நானும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவர் உடைத்த பாறை வழியாக வந்த தண்ணீர். குனிந்து கையை நனைத்தேன், ஜில்லென்று இருந்தது. எனக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, அவர்தான். இத்தனை வயசுக்குப் பிறகும் அந்த ஆசை தீரவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

மற்ற நாட்களில் பொழுது சாய்ந்ததும் என் மகள் விளக்கைப் பொருத்திவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னைக் கேட்பாள்.

"இருட்டிருச்சு ஆத்தா. பொருத்தவா?"

"இன்னும் சாயங்காலம் ஆகல," என்பேன்.

அவள் பொருத்த மாட்டாள். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.